பிரேக்கம்மாவின் வலது கால்

பிரேக்கம்மாவுக்கு வண்டி ஓட்ட வராது என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் சின்ன அறைதான் அவளுடைய ஓட்டுநர் பள்ளி. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் மாட்டைப் பார்த்து மிரண்டாலும் சரி, மாடு அவரைப் பார்த்து மிரண்டாலும் சரி, அவளுடைய வலது கால் அதை மிதித்துவிடும். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

வேலை நேரம் முடிந்துவிட்டது என்று அந்தக் காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பேருந்தில் போனால் முன் இருக்கையை உதைக்கும். சினிமாவில் துரத்தல் காட்சி வந்தால் தரையை அழுத்தும். ஒருநாள் சாப்பிடும்போது கணவர் கொஞ்சம் வேகமாகப் பேசப்போக, மேசைக்கு அடியில் அவர் பாதத்தை மிதித்துவிட்டது.

"நான் பேச்சை நிறுத்திட்டேன். நீ காலை எடு" என்றார் அவர் பரிதாபமாக.

அப்பேர்ப்பட்ட காலை வைத்துக்கொண்டுதான் அவள் சேற்றில் ஜீப் ஓட்ட ஆசைப்பட்டாள்.

அவளுடைய அண்ணன் பண்ணையில் ஆற்றை ஒட்டி ஒரு பள்ள நிலம் இருந்தது. மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் நண்பர்கள் பெரிய டயர் போட்ட வண்டிகளோடு வந்து அதில் புரண்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருடங்களாக அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவள். அதே நான்கு தெரு, அதே ரவுண்டானா. அந்தப் பள்ள நிலத்தில் சேற்றில் ஓட்டும் வகுப்பு தொடங்குவது என்று முடிவு செய்து, நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினாள். சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் தானே சேற்றைத் தாண்ட வேண்டும் என்பது மட்டும் ஒரு சின்னச் சிக்கல்.

அடுத்தடுத்து மூன்று ஞாயிறு ஜீப் நடுச்சேற்றில் புதைந்தது. மூன்று முறையும் அண்ணன்தான் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். முதல் முறை டயரைக் குறை சொன்னாள். இரண்டாம் முறை மழையை. மூன்றாம் முறை குறை சொல்ல நிலம்தான் மிச்சம். அதையும் சொன்னாள்.

"ஏம்மா, நிலம் இருந்த இடத்துலதான் இருந்துச்சு. நீதான் போய் விழுந்தே" என்றார் அண்ணன். "அடுத்த திங்கட்கிழமை உழப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, என் டிராக்டர் இல்லாம சேத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போயிடு. நிலம் உன் வகுப்புக்கு. இல்லேன்னா என் சோளத்துக்கு."

அவர் கயிறு கட்டும்வரை, புதைந்த ஜீப்பில் உட்கார்ந்தபடியே அவள் குனிந்து பார்த்தாள். வலது கால், சமர்த்தாக, பிரேக்கின் மேல் இருந்தது. சேற்றில் இறங்கிவிட்டால் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் சக்கரம் புதையும். இது அவளுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கணவரிடம் போய் நின்றாள். "என்னங்க, நாளைக்கு நீங்க என் பக்கத்துல உட்காரணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். நான் மத்தவங்களைத் திட்டுற மாதிரி என்னைத் திட்டணும். என் கால் பிரேக் பக்கம் போனா கத்தணும்."

கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "எவ்வளவு சத்தமா?" என்று கேட்டார்.

மறுநாள் ஜீப் முதல் குழியில் இறங்கியதுமே ஆரம்பித்தார். "காலை எடு! அது காலா, நங்கூரமா? எத்தனை தடவை சொல்றது? வீட்டுல சொல்லிட்டு வந்தியா இல்லையா?" எல்லாம் அவளுடைய வசனங்கள்தான். ஒன்று விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறார் மனுஷன். இவ்வளவு கேவலமாகவா நான் பேசுகிறேன் என்று அவள் வெட்கப்படுவதற்குள் முதல் குழி தாண்டிவிட்டது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதுதான் ஆழம். ஜீப் மூக்கைக் குத்தி இறங்க, சேற்றுத் தண்ணீர் எழும்பி முன் கண்ணாடியை அப்படியே மூடியது. திட்டு நின்றது. ஜீப்பும் நின்றது.

"யாருங்க கை பிரேக்கை இழுத்தது?"

"கைதான்... தானா போயிடுச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. இருபது வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். அக்கரையில் டிராக்டர் உறுமியது. அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார், கையில் கயிறு வேறு.

"மச்சான், வராதீங்க! நாங்க இன்னும் மாட்டலை!" என்று கணவர் வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

அவள் கை பிரேக்கை விடுவித்து, வந்த தடத்திலேயே ஜீப்பை மெல்லப் பின்னுக்கு எடுத்தாள். சக்கரங்களுக்குப் பிடி கிடைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே விட்டாள். கண்ணாடியில் வைப்பர் சேற்றைக் குழப்பிக் கோலம் போட்டது. ஜீப் ஆடியது, வழுக்கியது, முனகியது. கால் அசையவில்லை. இருபது வருடத்தில் முதன்முறையாக அது சொன்ன பேச்சைக் கேட்டது.

ஜீப் கரையேறியது.

அண்ணன் டிராக்டரிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடி வந்தார்.

"பிரேக்!" என்று அலறினார் கணவர். "இப்போ பிரேக்! இப்போ போடலாம்!"

காலுக்கு அன்றைக்குக் கிடைத்திருந்த உத்தரவு வேறு. அண்ணன் வரப்புக்கு அந்தப் பக்கம் பாய்ந்தார். ஜீப் மூங்கில் கேட்டைப் பிய்த்துக்கொண்டு போய் வைக்கோல் போரில் முகம் புதைத்து நின்றது.

அண்ணன் எழுந்து வந்தார். கேட்டைப் பார்த்தார், வைக்கோல் போரைப் பார்த்தார். "சொன்ன சொல் சொன்னதுதான். நிலம் உனக்குத்தான்" என்றார். "ஆனா வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நல்ல ஓட்டுநர் பள்ளியில சேர்ந்துக்கோம்மா."

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு இருக்கு மச்சான்" என்றார் கணவர், தலையிலிருந்து வைக்கோலை உருவியபடி. "சொல்லிக்கொடுக்கிறவங்கதான் கொஞ்சம் கத்துவாங்க."

அப்போதுதான் அவளுடைய வலது காலுக்கு நினைவு திரும்பியது. பிரேக்கை ஓங்கி மிதித்தது.