மாமா சொல்லும் வசனம்

எங்கள் அடுக்களைக்கும் அக்கா வீட்டு அடுக்களைக்கும் நடுவில் ஒரே சுவர். கூடப் பிறந்தவள் இல்லை. ஏரிக்கு நடுவில் இருக்கும் இந்தப் பசியாவரத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்தச் சுவர் கூரை ஷீட்டைத் தொடாது, ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு நின்றுவிடும். அதன் வழியாகத் தாளிப்பு வாசனை போகும், கறிவேப்பிலை போகும், சண்டை போகும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனது பழைய படத்துக் காமெடி.

எங்களுக்குப் பிடித்தது ஒரு சமையல்காரன் காட்சி. கருப்பு வெள்ளை. டிவியில் எத்தனையோ தடவை பார்த்து, வாயில் போட்டு மென்று மென்று, படத்தில் இருந்தது எது, நாங்கள் சேர்த்தது எது என்று இப்போது பிரிக்க முடியாது. குழம்பு கொதிக்கும்போது நான் தொடங்குவேன்.

“இன்னாய்யா, கொழம்புல மீன காணோம்?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா: “கரையேறிப் போயிடிச்சி எஜமான்!”

பின்வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா முறை, தலையைத் தூக்காமலே முடிப்பார்: “செருப்பு போட்டுக்கினு போச்சா, வெறுங்காலோட போச்சா?”

அவ்வளவுதான். இதற்கா இப்படிச் சிரித்தீர்கள் என்று கேட்கலாம். சிரிப்பு மாமாவின் குரலில் இருந்தது. ஒரு நாளும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதில்லை. நிஜமாகவே மீனின் காலை நினைத்துக் கவலைப்படுகிறவர் போலச் சொல்வார்.

ஏரியில் இறால் பிடிக்க எங்களுக்குப் ‘பாடு’ உண்டு. இன்று இந்த வீட்டுக்கு, நாளை அந்த வீட்டுக்கு என்று முறை வைத்து வலை போடுவது. அவர்களுக்குப் பாடு வரும் நாளில் நான் காலையிலேயே புளியை ஊறவைத்து, மசாலாவும் அரைத்து வைத்துவிடுவேன். படகு வந்ததும் ஒரு கை இறால் சுவருக்கு மேலாக வரும். எங்கள் பாடு என்றால் அங்கே மிக்சி ஓடும். யாரும் கேட்டு வாங்கியதில்லை.

போன மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு ஏரியைத் தாண்டப் படகில் ஏற்றியபோதே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும். ஆரம்பாக்கத்தில் இருக்கும் மகன், தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு தடவை சிரித்துவிட்டால் இங்கேயே இருந்துவிடுவாள் என்று எனக்கொரு நம்பிக்கை. எதை வைத்து நம்பினேனோ.

அந்த வீட்டுப் பாடு திரும்ப வந்தது. முறை இப்போது மாமாவின் தம்பிக்கு. இறால் அவர் இருக்கும் தெருவுக்குப் போகும். எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கை அதன்பாட்டுக்குப் புளியை ஊறப்போட்டது, மிளகாயைக் கிள்ளியது. மிக்சி ஓடி நின்ற பிறகுதான் செய்தது உறைத்தது. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

அக்கா பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

“யார் ஊட்டு எறாவுக்குடி அரைக்கிற?”

“மறந்துட்டேன்க்கா.”

“நீ எங்க மறந்த? மறந்திருந்தா அரைச்சிருப்பியா?”

மசாலாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “தனியா தூக்கலா கீது. எப்பவும் இப்படித்தான் அரைக்கிற.”

“இத்தினி வருசமா சொல்லவேயில்லியே!”

“அவருக்குப் புடிச்சிது. சொல்ல உடல.”

போய் இரண்டு கத்தரிக்காயோடு திரும்பி வந்தாள். “அரைச்சத கொட்டவா முடியும்?” என்று அவளே நறுக்கினாள். குழம்பு கொதி வந்தது. கரண்டியால் கிளறி, சட்டியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாதவள் போலச் சொன்னாள்:

“இன்னாய்யா, கொழம்புல மீன காணோம்?”

அது நான் சொல்லும் வசனம். அவள் அதை எடுத்துக்கொண்டதால் நான் அவளுடையதை எடுத்தேன்.

“கரையேறிப் போயிடிச்சி எஜமான்.”

மாமா சொல்ல வேண்டியது மட்டும் மிச்சம். அவள் சொல்வாள் என்று நான் நின்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். சொல்லலாமா, சொன்னால் அவர் இல்லை என்பதை நானே அறிவித்தது போல ஆகிவிடுமா, சொல்லாவிட்டால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுப்பைத் தணித்துவிட்டாள்.

“உப்பு பாரு,” என்று என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

“சரியா கீதுக்கா.”

கிண்ணத்தில் தன் பங்கை ஊற்றிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவளைக் கூட்டிப்போக மகன் வந்தான். இரண்டு பை, ஒரு பாய். படகு கிளம்பும்வரை, கேஸ் அடுப்பை நன்றாக மூடினோமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ஃபோனில் பேசுகிறோம். “இன்னா கொழம்பு?” என்பாள்.

“மடவ மீனு.”

“குடுத்துவெச்சவ. இங்க ஐஸ் மீனுதான், வாயில வெக்க முடியல.”

பேரனுக்கு முள் எடுத்துக் கொடுக்கப் படுகிற பாட்டைச் சொல்வாள். ஏரியில் தண்ணீர் வற்றியதை நான் சொல்வேன். பேச்சு தீரும் இடத்தில் அந்தக் குழம்பு வசனம் என் வாய்வரை வந்துவிடும். நான் ஆரம்பித்தால் அவள் பதில் சொல்வாள், அதில் சந்தேகமில்லை. அதற்கு அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

“வெச்சிடட்டா?” என்கிறாள்.

“சரிக்கா,” என்கிறேன்.