ரேவின் கட்டினால் அவிழாது

நியூசிலாந்தின் வைராரப்பாவில் பெண்கள் ரக்பி என்று பேச்செடுத்தால் ரேவின் என்ற பெயர் வராமல் இருக்காது. அவள் கோப்பை வாங்கியவளும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமை உடைமாற்றும் அறையில் பெண்களின் முழங்காலுக்கு டேப் சுற்றுவாள். ஆண்கள் ஆடிச் சேறாக்கிய மைதானத்தில்தான் பெண்களை விட்ட காலத்தில் அவளும் ஆடியவள். தோள்மூட்டு நழுவியதால் ஆட்டத்தை விட்டாள். வலது கை இன்றைக்கும் தலைக்கு மேலே போகாது. போனால் போகட்டும் என்று சிரிப்பாள். ரேவின் கட்டினால் அவிழாது என்பது அந்தக் கிளப்பில் வேதவாக்கு.

அந்தக் குளிர்கால இறுதிப் போட்டியன்று மெரியானா வந்து பெஞ்சில் காலை நீட்டினாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவள். எட்டுப் பேர் தோள் பிணைத்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசைக்காரி.

"வியாழக்கிழமை லேசா மடங்கிருச்சு, ஆன்ட்டி. இறுக்கிக் கட்டுங்க."

ரேவின் கட்டைவிரலால் முட்டியை அழுத்தினாள். உள்ளே கோத்திருந்த நீர் மறுபக்கம் ஓடியது. இந்தக் கால் ஆடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முன்வரிசையில் பழகியவள் ஒருத்தி குறைந்தாலும் ஸ்க்ரம்மில் தள்ளக் கூடாது, சும்மா சாய்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. தள்ளுவதை விட்டால் இவர்களுக்கு வேறு பலமே கிடையாது. கோச் பாலின் எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, ஆடுவா" என்றாள் ரேவின். அந்த வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ!

கோப்பை கிடைத்தது. கடைசி ஸ்க்ரம்மில் மெரியானாவின் முட்டி போனது.

விருந்தில், ரேவின் கட்டியிருக்காவிட்டால் கால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். பன்றி எலும்பும் கீரையும் போட்ட குழம்பை அவள் அப்படியே தள்ளி வைத்தாள். பிறகு வாராவாரம் அதே குழம்பை மெரியானா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அறுவை சிகிச்சைக்கு வெலிங்டன்வரை காரோட்டியதும் அவள்தான். "தங்கம் ஆன்ட்டி நீங்க" என்று மெரியானா சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் முள் தைத்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவாள். சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்புவாள்.

நவம்பரில் மெரியானாவே நொண்டிக்கொண்டு வந்தாள். ரேவின் கழுவிக்கொண்டிருந்த பேருந்தின் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"திங்கக்கிழமை ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில நிக்கணும். இல்லேன்னா என் இடத்தை வேற ஒருத்திக்குக் குடுத்துருவாங்க. கட்டி விடுங்க."

"டாக்டர் என்னடி சொன்னாரு?"

"அவரா வந்து ஆட்டைப் பிடிக்கப்போறாரு?"

ரேவின் ஈரத்துணியைக் கீழே போட்டாள். "கட்டு எதையும் தாங்காதுடி. தாங்குற மாதிரி தைரியம் குடுக்கும், அவ்வளவுதான். அன்னிக்கே உன் முட்டியில நீர் ஓடுச்சு. தெரிஞ்சேதான் ஆடுவான்னு சொன்னேன்."

மெரியானா திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

"பிசியோகிட்ட போனா ஆடாதேன்னுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. எல்லாரும் அதுக்குத்தானே ஆன்ட்டி உங்ககிட்ட வர்றோம்?"

ரேவின் எண்ணிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பெண்களின் கால்கள்! பாவி, அத்தனைக்கும் சிரித்துக்கொண்டே சுற்றியிருக்கிறாள்.

"இந்தத் தடவை வேண்டாம். சொன்னாக் கேளு" என்று கெஞ்சினாள்.

மெரியானா காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "கோப்பைக்குன்னா கட்டுவீங்க. என் பொழப்புக்குன்னா மாட்டீங்க, இல்ல?"

ரேவின் கூப்பிடக் கூப்பிட, அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிப் பேருந்து கொட்டகையைக் கடந்தபோது, மெரியானா வாசலில் உட்கார்ந்து தன் முட்டிக்குத் தானே டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். ரேவின் சுற்றும் அதே முறை. பேருந்து நிறையப் பிள்ளைகள். நிறுத்த வழியில்லாமல் அவள் ஓட்டிக்கொண்டு போனாள்.