ஞாயிறு சாயங்காலத் தக்காளி

எனக்குச் சமையல் பிடிக்காது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். எனக்குச் சமையல் பிடிக்கும். நான் வைக்கிற கறிக்குழம்புக்கு எங்கள் சொந்தத்தில் பேர் உண்டு. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அது முடிவதே இல்லை. காலையில் அடுப்பை அணைத்துவிட்டு கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும்போதே, சாயங்காலத்துக்கு என்ன செய்வது என்று மண்டைக்குள் ஆரம்பித்துவிடும்.

நான் திருப்பூரில், வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களுக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்கிற வேலை. சாயம் கொஞ்சம் மங்கினால் என்னைக் கேட்பார்கள். பட்டன் வந்து சேராவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே இருந்து ஒரு கேள்வி வரும். ராத்திரிக்கு என்ன?

கேட்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பனியன் துணி பின்னுகிற மெஷின்களை வைத்து ஓட்டுகிறார். இன்னொருவர் என் மாமனார். மாமியார் போன பிறகு அவருடைய உலகம் வாசல் நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் சுருங்கிவிட்டது. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஆள் குறைந்தால் வேலை குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. மூன்று பேருக்குச் சட்டினி அரைத்தாலும் மிக்ஸியைக் கழுவித்தானே ஆக வேண்டும்?

கம்பெனி வேலையாக ஒரு தடவை சாம்பிள் பெட்டிகளோடு என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். ஊர் சுற்றவெல்லாம் நேரமில்லை. ஓர் ஆபீசில் உட்கார்ந்து காலையிலிருந்து கலர் கலராகத் துணித் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆனதும் எதிரே இருந்த பெண் மேஜையை ஒதுக்கினாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். பையிலிருந்து இரண்டு தக்காளியை எடுத்து வட்ட வட்டமாக நறுக்கினாள். தண்ணீரில் மிதந்த ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து அதையும் நறுக்கினாள். பால்கட்டியாம். இரண்டையும் தட்டில் மாற்றி மாற்றி அடுக்கி, நாலு பச்சிலையைக் கிள்ளிப் போட்டு, உப்பைத் தூவி, எண்ணெயை ஊற்றி எனக்குப் பாதியைத் தள்ளினாள். அவ்வளவுதான் சாப்பாடு. ரொட்டி தனியாக இருந்தது.

ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நெஞ்சில் நின்றது ருசி இல்லை. அவள் எழுந்திருக்கவே இல்லை. அடுப்பு இல்லை, தாளிப்பு இல்லை, கழுவ இரண்டு தட்டும் ஒரு கத்தியும்தான். இப்படியும் ஒரு சாப்பாடு இருக்கிறது, இதையும் சாப்பிட்டு மனுஷர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி. வயிறெரிந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஊருக்கு வந்த பிறகு அதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஷிப்மென்ட் முடிந்த வாரத்தில், பாத்திரம் விளக்கிக்கொண்டு இருக்கும்போதே நின்றபடி கண் அயர்ந்துவிட்டேன். கையிலிருந்த சட்டி விழுந்த சத்தத்தில்தான் முழித்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். வாரத்தில் ஒரு வேளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலையில் இட்லி, மத்தியானம் கறி எல்லாம் எப்போதும் போல நடக்கட்டும். அந்த ஒரு வேளைக்கு மட்டும் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போவதில்லை.

பால்கட்டிக்குக் கடையில் விசாரித்தேன். பீட்சாவுக்குப் போடுகிற கட்டியைக் கொடுத்தார்கள். வாயில் போட்டால் ரப்பர் செருப்பை மென்ற மாதிரி இருந்தது. சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று சனிக்கிழமையே பொங்கலூரிலிருந்து வருகிற பாலைக் கூடுதலாக வாங்கிக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து திரிய வைத்தேன். வடிகட்டத் துணி வேண்டும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? ஷெட்டிலிருந்து சாயம் போடாத பனியன் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, வெந்நீரில் கொதிக்கவைத்து அலசி, அதில் திரிந்த பாலை ஊற்றி மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், மூட்டை பாம்பு மாதிரி நீண்டு தொட்டியின் அடியில் தன் தண்ணீரிலேயே படுத்துக் கிடந்தது. பனியன் துணி பாரம் தாங்காது, தொங்கவிட்டால் இழுபட்டுவிடும். நனைந்த உருப்படியைக் கொடியில் தொங்கவிடக் கூடாது என்று உலகத்துக்கே லேபிள் அடித்து அனுப்புகிறவள் நான். என் வீட்டுக் குழாயில் அதையே தொங்கவிட்டிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு, மூட்டையை எடுத்துத் தட்டில் வைத்து மேலே ஆட்டுரல் குழவியை ஏற்றினேன். மத்தியானத்துக்குள் ஒரு மாதிரி கட்டியாகிவிட்டது. மேலெல்லாம் பனியனின் பின்னல் வரி அப்படியே பதிந்திருந்தது.

இலைக்குக் கஷ்டப்படவில்லை. அந்த வெளிநாட்டுப் பச்சிலைக்கு நம் திருநீற்றுப் பச்சிலை அக்கா தங்கை முறை. வாசம் கிட்டத்தட்ட அதேதான். ஷெட்டுக்குப் பின்னால் அது தானாகவே முளைத்துக் கிடக்கும். எண்ணெய்க்கு, செக்கில் ஆட்டின கடலை எண்ணெய். தக்காளியை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். நாட்டுத் தக்காளியை நறுக்கினால் தட்டெல்லாம் தண்ணீர் ஆகிவிடும். சதைப்பற்றான தக்காளிகளை வாங்கி, ஒரே அளவில், ஒரே கனத்தில் நறுக்கினேன். தொழில் புத்தி, நிறம் வெளிறிய துண்டுகளை ஓரமாக ஒதுக்கக்கூடச் செய்தேன். உப்பைக் கடைசியில்தான் தூவினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கூடத்தில் மூன்று தட்டையும் பன் ரொட்டியையும் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். விளக்கு வைத்த நேரத்தில் நான் உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாமனார் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சோறெங்க கண்ணு?"

"இன்னைக்கு இதுதானுங்க மாமா. சாப்பிட்டுப் பாருங்க, நல்லாருக்கும்."

"இதென்ன, காதுவலிக்குப் புழிஞ்சு ஊத்தற தழையப் போட்டிருக்கற?"

"வாசத்துக்குங்க மாமா."

அவர் இலையை மோந்து பார்த்தார். அப்புறம் ஏதோ தோன்றியவர் போல எழுந்து சமையலறைக்குப் போனார். அவர் அங்கே போகிற வழக்கமே இல்லை. என்ன தேடுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லென்று இருந்திருக்கும். திரும்பி வந்து தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"பொழுதோட இந்த ஊட்டுல அடுப்பு எரியாம இருந்தது உங்கத்தை போனன்னைக்கித்தான். எளவு ஊட்டுலதான் சாமி அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. நான் இன்னும் இருக்கறனல்லொ?"

எனக்குச் சுரீர் என்றது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலில் பயம் இருந்தது. மாமியார் செத்த அன்று ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றை அவர் இதே இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அந்த நினைப்பு எனக்கு முன்னாடியே வந்திருக்க வேண்டும். அடுப்பு இல்லாத சாப்பாடு என்றதும் எனக்கு இத்தாலி ஞாபகம் வந்தது, அவருக்குச் சாவு ஞாபகம் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேர் இவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு அதற்குள் வழி கிடைத்துவிட்டது. "அப்பா மனசு சங்கடப்படுது பாரு புள்ள. அரிசியக் களைஞ்சு போடு. குக்கர்ல ரெண்டு விசில்தான?"

ரெண்டு விசில்தானாம். அந்த 'தான்' இருக்கிறதே, அதில்தான் எனக்கு எல்லாம் பற்றிக்கொண்டது. விசில் வந்த பிறகு ரசம் யார் வைப்பது? அப்பளம் யார் சுடுவது? அதையெல்லாம் யார் கழுவுவது? இருபது வருஷத்துக்கு மேல் இந்த ரெண்டு விசிலுக்குள்ளேதான் என் சாயங்காலங்கள் எல்லாம் போயிருக்கின்றன.

"பத்த வெக்க மாட்டனுங்க" என்றேன். "எனக்கு முடியல. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, சும்மாவே முடியல. வாரத்துல ஒரு வேள, இந்த ஒரு வேள, நான் உக்காந்துக்கறேன்."

கத்தவில்லை. ஆனால் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு வருஷத்தில் நான் முடியாது என்று சொல்லி வீட்டுக்காரர் கேட்டதில்லை. நானும் எழுந்துவிடவில்லை. எழுந்தால் கால் தானாகச் சமையலறைக்குப் போய்விடும் என்று பயமாக இருந்தது.

பிறகு மாமனார் மறுபடி எழுந்தார். உள்ளே லைட்டரை டக் டக்கென்று அழுத்துகிற சத்தம். கேஸைத் திறக்காமல் அழுத்துகிறார் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. "குமிழத் திருப்போணுங்க மாமா" என்றேன். ஒரு வழியாக 'புஸ்' என்று பிடித்தது. பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார்.

"வெறுந்தண்ணிதான் வெச்சிருக்கறேன். அடுப்பு எரியுதல்ல, போதும். இனி சாப்பிடலாம்."

தக்காளியையும் கட்டியையும் சேர்த்து வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார். "பால்கோவாவுக்குச் சக்கர போட மறந்தாப்பல இருக்குது" என்றார். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, சத்தமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தார். தின்னட்டும். அதுவும் நான் போட்டதில்லையே.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரு முறையாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் மாமனார் போய் அடுப்பைப் பற்றவைத்து ஒரு பாத்திரம் தண்ணீர் வைப்பார். கொதித்ததும் அணைத்துவிட்டு வந்து உட்காருவார். வேண்டாத வேலைதான். கேஸும் வீண். ஆனால் அவருக்கு அது தேவைப்பட்டது, எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. பால் வடிகட்டுகிற துணி விஷயத்தில் நானும் தேறிவிட்டேன், பழைய வேட்டிக்கு மாறிவிட்டேன். பச்சிலையைப் பற்றிய முணுமுணுப்பு மட்டும் வாராவாரம் வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய அவசரத்தில் அன்றைக்கும் காலையிலிருந்து கம்பெனியில்தான் இருந்தேன். வீட்டுக்கு வரும்போது பேசக்கூடத் தெம்பில்லை. தக்காளியைக்கூட நறுக்கவில்லை. அப்படியே நாற்காலியில் விழுந்தேன். மாமனார் வழக்கம்போல உள்ளே போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அணைக்கிற சத்தம் கேட்கவில்லை. டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஏதோ கீழே கொட்டியது.

கடைசியில் இரண்டு கையிலும் ஒவ்வொரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு, தளும்பத் தளும்ப வெளியே வந்தார்.

"தண்ணி சும்மாதான கொதிக்குது. ரெண்டு பேத்துக்கும் டீத்தூளப் போட்டுட்டேன்."

ஷெட்டிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஏனுங்கப்பா, நீங்க எதுக்கு இதெல்லாம்? எந்திரி புள்ள, வாங்கி வெச்சுட்டு நீ போயி நல்லா ஒண்ணு போடு."

எனக்கும் உடம்பு பதறத்தான் செய்தது. பழக்கம். பாதி எழுந்தும்விட்டேன்.

மாமனார் ஒரு டம்ளரை என் கையில் வைத்தார். "அவ உக்காரட்டும் உடு" என்றார் மகனிடம். "ஞாயித்துக்கெழமையல்ல?"

உட்கார்ந்தேன். டீயில் பால் இல்லை, சர்க்கரை மட்டும் பாயசத்துக்குப் போடுகிற அளவுக்கு இருந்தது. அடியில் தூள் வண்டலாகக் கிடந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில், நான் போடாத ஒன்று என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"நல்லாருக்குதா கண்ணு?"

"நல்லாருக்குதுங்க மாமா" என்றேன். வண்டல் வரைக்கும் குடித்தேன். குடித்து முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.