நிலானியின் ஆறு நிமிடம்

காலை எட்டு மணிக்குப் பேர்கனில் ரயில் ஏறினேன். ஒஸ்லோவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். நவம்பர் மழை வோஸ் வரை வந்தது, பிறகு பனி. 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்ஸே நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் இருக்கையில் இருந்தபடியே அஞ்சலி உரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவநேசனும் நானும் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். மறுநாள் அவனுடைய செத்தவீடு.

மூன்று மணிக்கு ஒஸ்லோ. அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்திலிருக்கும் குறொன்லாண்ட் கடைத்தெரு வரை நடந்து, 149 குரோனருக்கு வெள்ளைச் செவ்வந்தி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மகள் நிலானி, நண்பர்கள் மூவரோடு வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு வயலின், ஒரு செல்லோ. இவளுடையது வியோலா, தொண்டை கட்டிய வயலின் போன்ற குரல் அதற்கு.

"ஆறு நிமிசம்தான் மாமா. நூறு வருசத்துக்கு முந்தி ஆரோ செத்ததுக்காக ஓர் இத்தாலிக்காரர் எழுதினது. அப்பா டிராம் ஓட்டினவர்தானே, நான் வாசிக்கிற நாளெல்லாம் அவருக்கு வேலை. ஆஸ்பத்திரியிலைதான் கேட்டவர், ஒருக்கா வாசிச்சுக் காட்டு எண்டு. வியோலாவோடை போறதுக்குள்ளை முடிஞ்சுது. நாளைக்கு வாசிக்கப்போறன். கேக்கிறீங்களோ இப்ப?"

"நாளைக்கே கேக்கிறன் பிள்ளை" என்றேன். பயணக் களைப்பு.

மறுநாள் பதினொரு மணி, மயானச் சிற்றாலயம். ஊரில் என்றால் சவம் எங்களுக்காகக் காத்திருக்கும். இங்கே ஒரு சவத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். தேவாரமும் கிரியையும் முடிய ஊர்ச்சங்கத் தலைவர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு எழுதி வைத்திருந்த நான் தாளை மறந்து, முகாமின் குளிர், அவன் வைத்த முதல் கோழிக்கறி என்று பதினெட்டு நிமிடம் பேசினேன். சனம் அழுதது. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் உட்கார்ந்ததும் ஆலயப் பணிப்பெண் நிலானியிடம் குனிந்து, கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். வாசலில் அடுத்த சவப்பெட்டியோடு வந்தவர்கள் ஈரப்பனியில் நின்றார்கள். நான்கு பேரும் ஒரு நரம்பைக்கூடத் தொடாமல் எழுந்து வாத்தியங்களைப் பெட்டியில் வைத்தார்கள். சிவநேசனை எரியூட்ட உள்ளே கொண்டு போனார்கள்.

வெளியே அவளிடம் போனேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"பரவாயில்லை மாமா. அப்பாவைப் பற்றி வடிவாத்தான் கதைச்சனீங்கள்."

"வீட்டிலை போய் வாசியன், எல்லாரும் இருந்து கேக்கிறம்."

"ஆருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அடுத்த நாள் திரும்பும்போது ஃபின்ஸேயில் ரயில் ஆறு நிமிடம் நிற்கும் என்று அறிவித்தார்கள். இந்த முறை நானும் இறங்கினேன். பனியில் ஒரு சத்தமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆறு நிமிடம் நான் நினைத்ததைவிட மிக நீளமாக இருந்தது.