உபயமாகிப் போன பில்

காசு கைக்கு வராமல் வண்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது. பட்டறை வைத்த பதினோரு வருஷத்தில் இந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் மீறியதில்லை. மாமனார் வண்டிக்கும் அதே சட்டம்தான். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட நான், புக்கிட் ரோத்தான் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு குத்தகைக்காரருக்கு மட்டும் லோரிச் சாவியைக் கும்பிடு போட்டுக் கொடுத்தேன்.

காரணம் அம்மன். அவர்தான் தோட்டத்துக் கோயிலின் தலைவர். வருஷா வருஷம் திருவிழாவில் அம்மன் ரதத்தை இழுப்பது அவருடைய லோரிதான். மற்ற நாளில் அது குலை ஏற்றும். இஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டி முடித்தபோது பில் நாலாயிரத்து இருநூறு வெள்ளி. திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"தம்பி, அம்மா ரதம் நிக்கக்கூடாதுலா. திருவிழா முடிஞ்ச மறுநாளு காசு ஒங்க கையில," என்றார்.

அம்மன் பேரைச் சொல்லிவிட்டாரே, என்ன செய்வது? கொடுத்துவிட்டேன்.

ரதம் ஓடியது. மறுநாளும் வந்தது, போனது. ஆறு வாரமாயிற்று. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. வீட்டுக்குப் போனால் சுங்கை பஞ்சாங் போயிருக்கிறார் என்பார்கள். அங்கே போய் விசாரித்தால் இப்போதுதான் கிளம்பினார் என்பார்கள். லோரி மட்டும் தினமும் என் பட்டறையைத் தாண்டி ஓடியது. நான் பூட்டிய இஞ்சின், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நன்றாகத்தான் ஓடியது, சனியன்.

அந்த இஞ்சினுக்குச் சாமான் வாங்கியதே பட்டறை வாடகைக்கு வைத்திருந்த காசில்தான். பழைய பாக்கியோடு சேர்த்து நாலு மாத வாடகை நின்றுபோயிருந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே நல்ல மனுஷர். ஆனால் எத்தனை தடவைதான் சும்மா திரும்பிப் போவார்? செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் என் பூட்டைப் போட்டுவிடுவேன் என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. பட்டறை போனால் எல்லாம் போனது. பயந்துபோயிருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மதிய அன்னதானம். தலைவர் வராமல் இருக்க முடியாது. அம்மனுக்கு முன்னால் வைத்துக் கேட்டால் அந்த ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

"மொதல்ல காசைக் கேளுங்க, அப்புறம் பந்தியில ஒக்காருங்க. சாம்பாரைப் பார்த்ததும் மறந்துறாதீங்க," என்றாள் மனைவி. பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் போனோம்.

என்னைப் பார்த்ததும் தலைவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. நான் சட்டைப்பையில் கையை விட்டேன். அவர் மைக்கை எடுத்தார்.

"பக்த கோடிகளே, இந்த வருசம் அம்மா ரதம் ஒரு தடங்கலும் இல்லாம ஓடுச்சுன்னா அதுக்குக் காரணம் இந்தத் தம்பிதான். லோரி இஞ்சின் வேலை முழுசும் இவரு உபயம். ஒரு காசு வாங்கலே. முன்னால வாங்க தம்பி."

கை தட்டினார்கள். யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. முகத்துக்கு நேரே நாலைந்து போன்கள். மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். எதிரில் இருநூறு பேர், பின்னால் அம்மன். இது பொய், எனக்குக் காசு வர வேண்டும் என்று அங்கே எப்படிச் சொல்வது? "நன்றி," என்றேன். அது போதாதென்று, "எல்லாம் அம்மா அருள்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பந்தி முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "தலைவரே, என் காசு."

"என்ன தம்பி, அம்மாவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா?" தோளில் தட்டிவிட்டுத் தன் புதுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வரை மனைவி பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செவ்வாய்க்கிழமை காலையில் தவுக்கே புதுப் பூட்டோடு வந்தார். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினேன். காலில் விழவில்லை, அவ்வளவுதான். ஒரு ஆள் எனக்கு நாலாயிரத்துக்கு மேல் தர வேண்டும், வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் தன் போனை எடுத்து ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார். கோயில், பொன்னாடை, நான். பக்கத்து டயர் கடைக்காரர் அனுப்பியிருக்கிறார். தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாதே, அதனால் நான் காசு வாங்காமல் செய்து கொடுத்தேன் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார்.

சாமிக்கு நாலாயிரம் கொடுக்க முடிகிறது, எனக்கு வாடகை கொடுக்க மட்டும் முடியாதா என்று மலாயில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மனம் நொந்துபோய்க் கேட்டார்.

"பொய் தவுக்கே, அந்த ஆள் பொய் சொன்னார்," என்றேன்.

அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓட்டினார். தலைவர் பேசி முடித்ததும் என் குரல் கேட்டது. தடுமாற்றமே இல்லை, முகத்தில் சிரிப்பு வேறு. நன்றி, எல்லாம் அம்மா அருள்.

பட்டறைச் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.