பனி மேல் போட்ட பழி

அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலைமேல் கிளியூரில் வீடு கட்டும்போது தரை, சன்னல், சுவர் நிறம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விட்டேன். கரண்ட் பெட்டி மட்டும் நான் சொல்வதுதான் என்றேன். பக்கத்து எஸ்டேட்டில் ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டவளைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சேலத்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேட்டது நான், பதில் என் வீட்டுக்காரருக்கு. அறைக்கு ஒரு தனி சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ஒரு சுவிட்ச், ஐ.எஸ்.ஐ. முத்திரை. இவ்வளவுதான் நான் கேட்டது.

"கசிவு சுவிட்செல்லாம் மலைக்கு ஆவாதுங்க. பனி எறங்குனாச் சும்மாச் சும்மா விழுந்துரும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

"விழறதுக்குத்தானுங்க வாங்குறேன்" என்று நான் சொன்னேன். வாங்கியும் வந்தேன்.

அந்தச் சுவிட்சில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. மாதம் பிறந்தால் அதை அழுத்துவேன். வீடே அணையும். திரும்பப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பின்னறையைக் கொடுத்து, குளியலறையில் பழைய வீட்டு ஹீட்டரை மாட்டினோம். அதே வாரம் பனியும் இறங்கியது. பெட்டியில் கசிவு சுவிட்ச் விழ ஆரம்பித்தது. போட்டால் விழும், மறுபடி போட்டால் மறுபடி விழும்.

எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. பனி தொடங்கியதும் ஒயர்மேனைக் கூப்பிட்டு, கசிவு சுவிட்சை விட்டுவிட்டு டைரக்டாகக் கரண்ட் கொடுக்கச் சொல்வார்கள். தை பிறந்ததும் பழையபடி மாட்டுவார்கள். நான் ஒண்டிக்கடைப் பக்கம் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அதைச் செய்துவிட்டார். என்னிடம் மூச்சுவிடவில்லை. பெட்டி விழாமல் நின்றதும், பனியில் ஊறின சுவர் காய்ந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து மகள் சொன்னாள்: "அம்மா, குளிக்கையில கொழாயத் தொட்டாக் கையி சுர்ருங்குதும்மா."

"வயித்துல புள்ள இருந்தா நரம்பு அப்படித்தான் கண்ணு இழுக்கும். உன்னச் சொமக்கையில எனக்கும் நொம்ப இழுத்துச்சு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

கார்த்திகை பிறந்தது. பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை அழுத்தினேன், எரிந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஊரே பண்றதுதான? தையில மாட்டிக்கலாம்."

"ஏனுங்க, ஒண்ணு ஆச்சுன்னா ஊரா வந்து நம்ம புள்ளையத் திருப்பிக் குடுக்கும்?"

அரை மணி நேரத்தில் அதே ஒயர்மேனை வரவழைத்து மாட்டச் சொன்னேன். மாட்டினான். விளக்கு, மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாம் ஓடின. சன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத பனி. பெட்டி விழவில்லை. குளிக்கப் போன மகள் ஹீட்டரைப் போட்டாள். டப்பென்று விழுந்தது.

ஒயர்மேன் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னான்: "பனி இல்லீங்க. உள்ள காயில் வெடிச்சுக் கெடக்குது. அடியில பாறைங்கறதால எர்த்தும் சரியா எறங்கல. தண்ணியிலயே கரண்டு வந்திருக்குதுங்க."

பனி வந்தால்தானே மலையில் ஹீட்டர் போடுகிறோம்? அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நாங்கள் பழியைப் பனி மேல் போட்டுவிட்டு அதன் வாயை அடைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். ஒயர்மேனைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், என் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அப்ப அது புள்ளையால இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

அதற்குமேல் யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.