அண்ணை என்று சொல்லக்கூடாத மைதானம்

மோர்னிங்சைட்டில் ஞாயிறு காலைக் கால்பந்துப் பயிற்சி. ஆடுபவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், பயிற்சியாளர் இத்தாலியர். தன் ஊரில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்து, முழங்கால் கைவிட்டதும் விசிலை எடுத்தவராம். அதை இரக்கமில்லாமல் ஊதுகிறார்.

பந்தோடு வரும் வழுக்கைத் தலையர் ஒருவருக்கு, தடுக்கவேண்டிய இளைஞன் பவ்வியமாக ஒதுங்கி வழிவிடுகிறான். விசில் அலறுகிறது.

"ஏன் பறிக்கவில்லை?" என்று பக்கத்தில் சப்பாத்து நாடாவைக் கட்டும் ரமேஷிடம் கேட்கிறேன்.

"அண்ணை எண்டு கூப்பிட்டுப்போட்டு எப்பிடிக் காலைப் போடுறது? அதுதான் கோச் அந்தச் சொல்லையே தடை செய்துபோட்டார். ஆர் சொன்னாலும் மைதானத்தைச் சுத்தி ஒருக்கா ஓடோணும்."

பொறுமையிழந்த பயிற்சியாளர் தானே நடுக்களத்தில் இறங்குகிறார். இரண்டு பேரைக் கடந்து ஓடி, பந்து வைத்திருக்கும் வழுக்கைத் தலையரைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார்.

"அண்ணை, பந்து!"

எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்குப் போய் ஓடத் தொடங்குகிறார். மறுகணம் முழு அணியும் அவர் பின்னால் ஓடுகிறது. ரமேஷும் கட்டாத சப்பாத்தோடு எழுகிறார்.

"நீங்கள் ஏன்?"

"அண்ணை தனிய ஓட, நாங்கள் நிண்டு பாக்கிறதே?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இவருக்கு இரண்டு சுற்று.